மூணும் நலம்

பல்வலி வந்தவன் வாயை மூடிக்கொண்டு கிடக்க வேண்டும். இந்தச் சின்ன விஷயம் புரியாததால்தான் கொக்கிக்கு இத்தனை வம்பும் வந்து சேர்ந்தது.

கொக்கி என்பது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. ராணுவத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறவன் அவன். முகாமின் கடைசியில், குன்றைக் குடைந்து கட்டிய கான்கிரீட் கிடங்கு ஒன்று உண்டு. அதற்குள் ஒரு பொருள். என்ன பொருள் என்று சொல்லக் கூடாது. சொன்னால் சொன்னவன் உள்ளே, கேட்டவனும் உள்ளே. ஒரு பெரிய நகரத்தை ஒரே மூச்சில் ஊதித் தள்ளிவிடும் என்பது மட்டும் ஊரில் பால்காரர் வரைக்கும் தெரியும். மாதத்துக்கு ஒருமுறை அதைத் தொட்டிலிலிருந்து ஒரு முழம் தூக்கி, அடிவயிற்றைத் துடைத்து, அலுங்காமல் இறக்கி வைக்க வேண்டும். பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்டுகிற பக்குவம்தான். தூக்குவதும் இறக்குவதும் கொக்கியின் பொறுப்பு.

பொருளுக்குப் பக்கத்தில் யாரும் தனியாக நிற்கக் கூடாது என்பது விதி. எப்போதும் இருவர், ஒருவர் மேல் ஒருவர் கண். அதனால் ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோடி உண்டு. ஒருவன் தும்மினால் மற்றவன் போய்ச் சொல்ல வேண்டும். கொக்கியின் ஜோடி அவனைவிடச் சின்னவன், நல்ல பையன், ஆனால் இலை அசைந்தாலே இருமுறை திரும்பிப் பார்க்கிற சுபாவம்.

இவர்கள் எல்லோரையும் கண்காணிக்கவென்றே நம்பகப் பிரிவு என்று ஒன்று இருந்தது. அதன் வாசலில் பித்தளைப் பலகையில் பொறித்திருந்தார்கள்: 'பொருளை நம்பலாம். ஆளை நம்ப முடியாது.' இதைத் தினமும் ஒரு சிப்பாய் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக வைத்திருந்தான்.

காலையில் கிடங்கு வாசலில் குமாஸ்தா கேட்பார், "உடம்பு, மனசு, வீடு, மூணும் நலமா?"

உள்ளே போகிறவர்கள் சொல்வார்கள், "மூணும் நலம்."

தாய் செத்து அடக்கம் பண்ணிவிட்டு வந்தவனும் அதைத்தான் சொன்னான். காய்ச்சலில் பல் கிடுகிடுக்க வந்தவனும் அதைத்தான் சொன்னான். முந்தின நாள் பெண்டாட்டி பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்ட சமையல்காரர், மற்றவர்களைவிடச் சத்தமாகவே சொன்னார். கொக்கியும் சேர்ந்த நாளிலிருந்து அதையே சொல்லிவந்தான். அப்போதெல்லாம் உண்மையிலேயே மூணும் நலமாகத்தான் இருந்தன, அது அவன் அதிர்ஷ்டம்.

அன்றைக்குக் கடைவாய்ப்பல் விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. குமாஸ்தா கேட்டார். கொக்கி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னான், "வீடு நலம், மனசு நலம். பல்லுதான் சார், உயிர் போகுது."

குமாஸ்தாவின் பேனா அந்தரத்தில் நின்றது. "என்ன சொன்னீங்க?"

"பல்லு வலிக்குது சார்."

"அப்படி ஒரு பதில் இல்லையே, தம்பி."

"இல்லைன்னா? வலிக்குதே!"

"வலிக்கட்டும். யாரு வேணாம்னா? ஆனா பதில் இல்லையே!"

அவர் தொலைபேசியில் மேலதிகாரியைக் கூப்பிட்டார். மேலதிகாரி வந்து கொக்கியின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். பல் என்பது உடம்பில் சேர்த்தியா என்று ஒரு விவாதம் எழுந்தது. பல் எலும்பு, எலும்பு உடம்பு, ஆகவே உடம்புதான் என்றார் ஒருவர். பல்லுக்கா வலிக்கிறது? வலியை உணர்வது மனசு, ஆகவே மனசு என்றார் இன்னொருவர். ராத்திரி வீட்டில் என்ன சாப்பிட்டான் என்று தெரியாமல் எப்படி முடிவு கட்டுவது, ஆகவே வீடு என்றார் மூன்றாமவர். இதற்குள் வாசலில் வரிசை நீண்டுவிட்டது. கடைசியில் மூன்று இடத்திலும் விசாரிப்பது, அதுவரை கொக்கியைக் 'கவனிப்பில்' வைப்பது என்று முடிவாயிற்று. கவனிப்பில் இருப்பவனின் ஜோடியும் தானாகக் கவனிப்பில் வந்துவிடுவான்.

"அண்ணே," என்றான் ஜோடி, அழாத குறையாக. "எனக்குப் பல்லு நல்லாத்தானே இருக்கு?"

முதலில் உடம்பு. முகாம் டாக்டர் இளைஞர், கண்ணாடி போட்டவர், வாயின் ஒரு பக்கத்தால் மட்டுமே பேசுகிற ஒரு மாதிரியான பழக்கம் உள்ளவர்.

"வலிக்குதா?"

"ரொம்ப, சார். ஒரு மாத்திரை குடுங்க. இல்லைன்னா பிடுங்கியாவது விடுங்க."

"மாத்திரை குடுத்தா அசதி வரும். அசதி வந்தா உங்களை நம்ப முடியாது. ஊசி போட்டுப் பிடுங்கினா வாய் மரத்துப் போகும். மரத்துப்போன ஆளை எப்படிப் பொருள்கிட்ட விடுறது?"

"சரி சார், ஒண்ணுமே பண்ண வேணாம். இப்படியே இருந்துடுறேன்."

"அதெப்படி? வலியோட இருந்தா கவனம் சிதறும். கவனம் சிதறினா நம்ப முடியாது."

"அப்ப நான் என்னதான் சார் பண்றது?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வலிக்காம இருங்களேன்," என்றார்.

அடுத்தது மனசு. மனநல ஆலோசகர் அம்மாள் பட்டுப்போன்ற குரலில் பேசுபவர். மேஜைமேல் மெத்தென்ற பந்து ஒன்று இருந்தது. கோபம் வந்தால் அதைப் பிசையலாமாம்.

"இந்தப் பல்லு உங்களுக்கு யாரை ஞாபகப்படுத்துது?"

"பல்லு பல்லைத்தான் மேடம் ஞாபகப்படுத்துது."

"கோபம் வருதா?"

"இதுவரைக்கும் வரலை. இப்பத்தான் லேசா எட்டிப் பார்க்குது."

அவர் எழுதிக்கொண்டார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வலிக்குதுன்னு இன்னொருத்தர்கிட்ட சொல்லணும்னு உங்களுக்கு ஏன் தோணிச்சு?"

"கேட்டாங்க, சொன்னேன்."

பேனா நின்றது. அம்மாள் முன்னால் குனிந்து, இன்னும் பட்டான குரலில் கேட்டார், "அப்போ யாராவது கேட்டா நீங்க சொல்லிடுவீங்களா?"

"கேட்டா சொல்றதுதானே முறை?"

அவ்வளவுதான். 'கேட்டால் உண்மையைச் சொல்லிவிடும் இயல்பு உடையவர். ரகசியப் பணிக்கு மிகுந்த ஆபத்து' என்று சிவப்பு மையில் எழுதி அடிக்கோடு போட்டார். கொக்கி எழுந்து வரும்போது அந்தப் பந்தை ஒரு பிசை பிசைந்துவிட்டுத்தான் வந்தான். அதுவும் குறிப்பில் ஏறியது.

மூன்றாவது வீடு. பாதுகாப்பு அதிகாரி நேரிலேயே வந்தார். கொக்கி குடியிருந்தது முகாமுக்குள் அரசாங்கம் கொடுத்த இரண்டு அறை வீட்டில். மகள் படித்ததும் முகாமுக்குள் இருக்கிற பள்ளிக்கூடத்தில்தான், இது அவளுக்குக் கடைசி வருஷம். நம்பத்தகாதவன் என்று முத்திரை விழுந்தால் வேலை போகும், வேலையோடு வீடு போகும், பரீட்சைக்கு முன்னால் பிள்ளைக்குப் பள்ளிக்கூடமும் போகும். இதை அதிகாரி உட்கார்ந்ததும் உட்காராததுமாக, காற்று வாங்குகிற சாவகாசத்தோடு சொல்லிவைத்தார்.

கொக்கியின் மனைவி ஊரில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். வண்டியை நிறுத்திவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள், காக்கிச் சட்டையைக்கூட மாற்றவில்லை.

"உங்க வீட்டுக்காரர் கோபப்படுவாரா?"

"காரணம் இருந்தா படுவாரு."

"காரணம் இல்லாம?"

"அதுக்கு நான் இருக்கேன் சார்."

அதிகாரி சிரிக்கவில்லை. "ராத்திரியில தூக்கத்துல பேசுவாரா?"

"எங்க பேசுறாரு? முனகுறாரு. பல்லு வலி சார், பல்லு வலி! ஒரு மாத்திரை போட்டா முடிஞ்சுபோகிற விஷயத்துக்கு ஊரையே கூட்டி வச்சிருக்கீங்க."

"அம்மா, இது சாதாரண வேலை இல்லை. ஆயிரக்கணக்கான உயிர் சம்பந்தப்பட்டது."

"நானும் தினம் நாப்பது பிள்ளைங்களை ஏத்திக்கிட்டு அந்த மலைவளைவுல திரும்புறேன். எங்க முதலாளி என்னை ஒரே ஒரு கேள்விதான் கேட்பாரு, பிரேக் பிடிக்குதான்னு. பிடிக்கலைன்னு சொன்னா சரி பண்ணிக் குடுப்பாரு. உங்க ஊருல பிடிக்கலைன்னு சொன்னா டிரைவரை இல்ல இறக்கிவிடுறீங்க!"

அதிகாரி 'வீடு: எதிர்த்துப் பேசும் சூழல்' என்று எழுதிக்கொண்டு கிளம்பினார். போகுமுன் தண்ணீர் கொடுத்தபோது வாயின் முன்பக்கத்தில் படாமல், தலையை அண்ணாந்து தொண்டைக்குள் நேராக விட்டுக்கொண்டார். கூச்சம் உள்ள பல் இருந்தால் அப்படித்தான் குடிக்க வேண்டியிருக்கும் என்பது கொக்கிக்கு அப்போது தெரிந்திருந்தது.

இரண்டு நாள் கழித்து ஜோடி வந்தான். சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் காதோரம் சொன்னான், "அண்ணே, ஊருக்குள்ள கடிகாரக் கடைக்கு மாடியில ஒரு பல் டாக்டர் இருக்காரு. நம்ம ஆளுங்க எல்லாரும் அங்கதான். சாதா உடுப்புல போங்க. ஒண்ணே ஒண்ணு, உட்காரும்போது சுவரைப் பார்த்து உட்காருங்க."

"ஏன்டா?"

"பார்த்தா சொல்லணும்னு விதி இருக்கில்ல? பார்க்காட்டா சொல்ல வேண்டியதில்லையே."

கொக்கி போனான். ஊசி இல்லாமல் பிடுங்க முடியுமா என்று கேட்டுப் பார்க்கத்தான் போனான், பாவம். மாடி ஏறினால், அந்தக் காத்திருக்கும் அறையில் நாற்காலிகள் எல்லாம் சுவரோடு சுவராக, சுவரைப் பார்த்துப் போடப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு முதுகு. யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. இருமல் வந்தவர்கள்கூடச் சட்டைக் காலருக்குள் இருமினார்கள். சுவரில் அவரவர் மூக்குக்கு நேராகச் சுண்ணாம்பு மங்கிப்போயிருந்தது.

கொக்கி ஓரமாக உட்காரப் போனவன், முன்னாலிருந்த பின்னங்கழுத்தைப் பார்த்துவிட்டான். மூன்று மடிப்பு, நடு மடிப்பில் ஒரு மரு. அணிவகுப்பில் அந்தக் கழுத்துக்குப் பின்னால் எத்தனை வருஷம் நின்றிருக்கிறான்! பழக்கதோஷம், விடுமா? குதிகால்கள் தாமாகச் சேர்ந்தன. கை நெற்றிக்குப் போயிற்று.

"வணக்கம், தளபதி சார்!"

அறை முழுக்க விறைத்தது. அத்தனை முதுகுகளும் ஒரே நேரத்தில் எழுந்து, சுவரைப் பார்த்தபடியே நேராக நின்றன. பழக்கம் அவர்களுக்கு மட்டும் இருக்காதா? ஒரு முதுகு முகாம் டாக்டருடையது. ஒன்று பாதுகாப்பு அதிகாரியுடையது. கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றது ஆலோசகர் அம்மாள். வாசல் குமாஸ்தாகூட இருந்தார். பிறகு ஒவ்வொருவராக, சுவரைத் தடவிக்கொண்டே பக்கவாட்டில் நகர்ந்து, பின்படி வழியாக இறங்கிப் போனார்கள். ஒருவரும் திரும்பவில்லை.

பல் டாக்டர் கையுறையோடு வெளியே ஓடிவந்தார். காலி நாற்காலிகளைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏன்யா, உனக்குக் கண்ணு எதுக்கு? என் பொழைப்பையே கெடுத்துட்டியே! போ, போ, உனக்கு ஒரு பல்லும் நான் பிடுங்க மாட்டேன்."

மறுநாள் காலையிலேயே விசாரணைக்கு ஆள் வந்தது. கிளம்புமுன் சட்டை இஸ்திரி போட்டுக் கொடுத்தபடி மனைவி சொன்னாள், "என்னங்க, வீடு போனா இன்னொரு வீடு பார்த்துக்கலாம். பிள்ளையை வேற ஸ்கூல்ல கெஞ்சிக் கூத்தாடியாவது சேர்த்துடலாம், எத்தனை ஸ்கூலுக்கு வண்டி ஓட்டியிருக்கேன் நான். ஆனா அங்க போய் வலிக்கலைன்னு சொல்லிட்டு வந்து, ராத்திரி பூரா என் பக்கத்துல படுத்து முனகாதீங்க. அதைத்தான் என்னால கேட்க முடியாது."

மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, "அப்பா, எனக்காகன்னு எதுவும் சொல்லிடாதீங்க," என்றாள். கொக்கி இஸ்திரிச் சட்டையை மாட்டிக்கொண்டான். பல்லும் அந்த நேரம் பார்த்து வெட்டி இழுத்தது.

நீண்ட மேஜைக்குப் பின்னால் நான்கு பேர். நடுவில் தளபதி, வலப்பக்கம் டாக்டர், இடப்பக்கம் ஆலோசகர் அம்மாள், ஓரத்தில் பாதுகாப்பு அதிகாரி. நால்வர் முகத்திலும் கொக்கியை ஜென்மத்தில் பார்த்ததே இல்லை என்கிற களை.

தளபதி எழுந்து பேசினார். "இந்த முகாம்ல என்னை ஏன் எல்லாரும் நம்புறாங்க? சேர்ந்த நாள்லேர்ந்து எனக்கு ஒரு தலைவலி வந்ததில்லை. அதாவது, வந்ததா ஒருத்தருக்கும் தெரியாது. ரத்தக் கொதிப்பு இல்லை, ஏன்னா பார்த்துக்கிட்டதே இல்லை. இடது காது நல்லாக் கேட்குது, ஏன்னா அந்தப் பக்கம் உட்கார்ந்து யாரும் என்கிட்ட பேச நான் விட்டதில்லை. நம்பிக்கைன்னா என்ன? ஒருத்தனுக்குள்ள என்ன நடக்குதுன்னு இன்னொருத்தனுக்குத் தெரியாம இருக்கணும். அதுதான் நம்பிக்கை! நீ என்ன பண்ணினே? காலங்காத்தால, பத்துப் பேர் நிக்கிற இடத்துல, பல்லு வலிக்குதுன்னு சொன்னே. நாளைக்கு இன்னொருத்தன் முதுகு வலிக்குதும்பான். அதுக்கடுத்தவன் பயமா இருக்குதும்பான். அப்புறம் இந்தக் கிடங்கு யாரை நம்பி நிக்கும்?"

மற்ற மூவரும் தலையை ஆட்டினார்கள். இடப்பக்கத்திலிருந்து அம்மாள் "அருமையாச் சொன்னீங்க சார்" என்றது அவருக்குக் கேட்கவில்லை.

"போகட்டும்," என்றார் தளபதி, குரலை இறக்கி. "நீ நல்ல வேலைக்காரன். உன் பொண்ணு நல்லாப் படிக்கிறாளாம். ஒரே ஒரு வார்த்தை. மூணும் நலம்னு சொல்லிட்டுப் போ. இந்த நிமிஷமே எல்லாத்தையும் கிழிச்சுப் போட்டுடலாம்."

கொக்கிக்குச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தது. இல்லையென்று யார் சொன்னது? இரண்டு வார்த்தை. வீடு இருக்கும், பிள்ளை பரீட்சை எழுதும், ஜோடி பிழைப்பான். வாயைத் திறந்தான். திறந்ததும் குளிர்ந்த காற்று பல்லில் பட்டது. ஐயோ, அந்த வலி இருக்கிறதே! அது நேரே மண்டைக்குள் ஏறி, அங்கே படுத்திருந்த கோபத்தைத் தட்டி எழுப்பிவிட்டது.

"சார், அதுக்கு முன்னாடி ஒரு விஷயம். நான் இன்னும் கவனிப்புலதான் இருக்கேன், முத்திரை விழலை. பார்த்ததை உடனே மேலிடத்துல சொல்லணும்கிற விதி என்னைக் கட்டுப்படுத்துமா, கட்டுப்படுத்தாதா?"

"கட்டுப்படுத்தும்," என்றார் பாதுகாப்பு அதிகாரி, பெருமையாக. அந்த விதியை எழுதியவரே அவர்தான்.

"அப்படின்னா சொல்லிடுறேன். நேத்து கடிகாரக் கடை மாடியில, பல் டாக்டர்கிட்ட உங்க நாலு பேரையும் பார்த்தேன்."

நால்வர் கண்ணும் ஒரே நேரத்தில் சுவருக்குப் போயிற்று.

"பார்த்தியா? என்னத்தைப் பார்த்தே?" என்றார் தளபதி.

"முதுகை, சார்."

"முதுகெல்லாம் சாட்சியா? உலகத்துல எத்தனையோ முதுகு!"

"பச்சைப் பொய் சார்!" என்று பாதுகாப்பு அதிகாரி எழுந்து மேஜையைக் குத்தினார். "இவன் என்னைப் பார்த்திருக்கவே முடியாது. நான் வந்ததிலேர்ந்து போற வரைக்கும் சுவரைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்!"

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவர் காதில் விழுந்தது. மெல்ல உட்கார்ந்தார்.

தளபதி கைக்குட்டையால் கழுத்து மடிப்பைத் துடைத்தார். புகார் சொல்லப்பட்டவர் யார் மேலும் கையெழுத்துப் போடக் கூடாது. அதுவும் விதிதான். கொக்கியை நம்பத்தகாதவன் என்று எழுத இப்போது அந்த மேஜையில் ஒரு கை இல்லை.

"சரி," என்றார் கடைசியில். "எல்லாருமாச் சொல்லிடுவோம், இதோட எல்லாருக்கும் முடிஞ்சுபோகும். எனக்கு மூணும் நலம்."

"மூணும் நலம்," என்றார் பாதுகாப்பு அதிகாரி.

"மூணும் நலம்," என்றார் அம்மாள், பட்டுக்குரலில்.

டாக்டர் முறை வந்தது. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தளபதி பொறுமையில்லாமல் அவரைத் தாண்டிக் கொக்கியைப் பார்த்தார். "நீ சொல்லுய்யா. வலிக்குதா?"

"வலிக்குது சார்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சாலும் வலிக்குது சார். யோசிக்காட்டாலும் வலிக்குது. நீங்க கேட்டாலும் கேட்காட்டாலும் வலிக்குது. இதுல ஒளிக்க என்ன இருக்கு? பல்லுன்னு இருந்தா வலிக்காதா?"

அப்போது வாயின் ஒரு பக்கத்தால், தரையைப் பார்த்தபடி, டாக்டர் சொன்னார், "எனக்கும்தான் சார். ஏழெட்டு மாசமா."

அன்றைக்கு மாலை கிடங்கைப் பூட்டி அரக்கு வைத்தார்கள். ஒருவர் மாற்றி ஒருவராக எல்லோரும், அவரவர் ஜோடியோடு, கவனிப்பில் வந்துவிட்டதால் உள்ளே போகத் தகுதியுள்ள ஆள் ஒருவரும் இல்லை. யாரும் கிட்டே வராமல், யாரும் துடைக்காமல் பொருள் பாட்டுக்கு இருந்தது. ஊரில் ஒன்றும் குறைந்துபோகவில்லை. சங்கதி தலைமையகத்துக்குப் போயிற்று.

தலைமையகம் சும்மா இருக்குமா? பெரிய பெரிய மூளைகள் கூடி ஆராய்ந்தன. கேள்வியில் குற்றமில்லை, விதியில் குற்றமில்லை, ஆகவே குற்றம் பல்லில்தான் என்று கண்டுபிடித்தன. சீக்கிரமே உத்தரவு வந்தது. பொருளின் அருகே பணிபுரியும் அனைவரும் முன்னெச்சரிக்கையாகத் தங்கள் பற்கள் முழுவதையும் அகற்றிக்கொள்ள வேண்டும். மாற்றுப் பற்களை அரசாங்கமே வழங்கும். உத்தரவைத் தளபதி அணிவகுப்பில் வாசித்தபோது கைதட்டினார்கள். ஜோடிகூடத் தட்டினான், கன்னத்தைத் தடவிக்கொண்டே.

கொக்கி இதற்குள் பக்கத்து ஊருக்குப் பஸ் ஏறிப்போய், ஒன்றுக்கு இரண்டாக ஊசி போட்டுக்கொண்டு, கெட்ட பல்லைப் பிடுங்கிவிட்டு வந்திருந்தான். அன்று ராத்திரி அவன் தூங்கிய தூக்கத்தை மனைவி எழுந்து உட்கார்ந்து பார்த்தாளாம். வேலையை விட்டுவிடுவது என்று முடிவு பண்ணி, சாமான்களையும் கட்டிவிட்டார்கள். வீட்டுச் சாவியைக் கொடுக்கத் தளபதி அறைக்குப் போனான்.

தளபதி சாவியைத் தொடவில்லை. எழுந்து வந்து தோளில் கை போட்டார்.

"எதுக்குய்யா இதெல்லாம்? உத்தரவு வந்தாச்சு, பழசெல்லாம் போச்சு. நாளைக்கு முதல் ஆளா நானே உட்காரப்போறேன். அடுத்த நாற்காலி உனக்கு. ஒரு அரை மணி நேரம், அவ்வளவுதான். வேலை இருக்கும், வீடு இருக்கும், உன் பொண்ணு நிம்மதியாப் பரீட்சை எழுதுவா. இனிமே உனக்கு ஜென்மத்துக்கும் பல்வலியே வராது!"

"எனக்கு வலிச்சது ஒரு பல்லு சார். அதை எடுத்தாச்சு. மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"நல்லாத்தான் இருக்கும். இன்னிக்கு இருக்கும், நாளைக்கு? அரசாங்கம்தான் வேற பல்லு குடுக்குதே. இந்தப் பல்லை வச்சுக்கிட்டு நீ என்ன பண்ணப்போறே?"

கொக்கி சாவியை மேஜைமேல் வைத்தான். தளபதியின் முகத்தை, கழுத்தையல்ல, நேராகப் பார்த்தான்.

"தேவைப்பட்டா கடிக்கத்தான் சார்."

ஒரு நகரத்தையே ஊதித் தள்ளும் பொருளோடு இத்தனை வருஷம் காலம் தள்ளிய மனிதர், தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டு ஓரடி பின்னால் நகர்ந்தார்.